காற்றுக்கு எடை போட்டோம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டில் வத்தக் குழம்பும் சுட்ட அப்பளமும். சாப்பிட்டதும் திண்ணையில் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரையில் நடந்து வரலாம் என்பது என் உத்தேசம். பாயை விரிக்கும்போதுதான் மருமான் வந்து நின்றான். எட்டாம் வகுப்புப் படிக்கிறவன். ஒரு கையில் பலூன், மறு கையில் நோட்டுப் புத்தகம், முகத்தில் மழைக்கால மேகம்.

"என்னடா விஷயம்?"

"பலூன் ஏமாத்திடுச்சு, மாமா."

சமாசாரம் இதுதான். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பையன்களும் வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்துகொண்டு வரவேண்டும். காற்றுக்கு எடை உண்டா என்று பார்ப்பது. காற்றில்லாத பலூனை நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஊதிக் கட்டி மறுபடியும் நிறுக்க வேண்டும். ஊதிய பலூன் கனமாக இருக்கும்; ஆகவே காற்றுக்கு எடை உண்டு. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இவன் அத்தானிடம் நச்சரித்து, கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்றை வாங்கிவிட்டான். வெறும் பலூன் 2.4 கிராம். ஊதிய பிறகு 2.6 கிராம். இன்னொரு தரம் நிறுத்தால் 2.5. மின்விசிறியைப் போட்டால் அதுவும் ஆடுகிறது.

"ஒரு லிட்டர் காற்று ஒரு கிராமுக்கு மேலே இருக்கும்னு புஸ்தகத்திலே இருக்கு. இந்தப் பலூன் அஞ்சு லிட்டராவது பிடிக்கும். அஞ்சு கிராம் ஏறணுமா வேண்டாமா? மத்தவங்க எல்லாம் ஆறு கிராம்னு எழுதிட்டாங்க."

"நிறுத்துப் பார்த்தார்களா?"

"இல்லை. கணக்குப் போட்டு எழுதிட்டாங்க."

"நீ என்ன எழுதினாய்?"

"இன்னும் எழுதலை" என்று சொல்லி நோட்டைக் காட்டினான். 'கண்டறிந்தது' என்ற தலைப்புக்குக் கீழே இடம் வெறுமையாக இருந்தது. பென்சிலால் 6 என்று எழுதி அழித்திருந்த தடம் மட்டும் தெரிந்தது.

அந்தத் தடத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நானும் கல்லூரியில் பௌதிகம் படித்தவன்தான். பெண்டுலத்தை ஆடவிட்டுப் புவியீர்ப்பைக் கணக்கிடும்போது 980 வரவேண்டிய இடத்தில் 930 வந்தால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? 980ஐ முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னாலேயே நடந்து போய், நேரத்தைத் திருத்திவிடுவோம்! பரீட்சையில் பாஸும் செய்தோம். எங்கள் பெண்டுலம் ஏன் 930 என்று சொன்னது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தப் பையன் பென்சிலால் எழுதியதை அழித்தாவது இருக்கிறானே!

"புஸ்தகம் தப்பா, தராசு தப்பா, மாமா?"

"இரண்டும் சரி. நீ கிணற்றில் தண்ணீர் சேந்தியிருக்கிறாயா?"

அக்கா வீட்டுக் கொல்லையில் கிணறு உண்டு. மோட்டார் வைத்தாயிற்று என்றாலும் மின்சாரம் போன நேரத்துக்குக் கயிறும் வாளியும் இருக்கின்றன. அவனை அழைத்துக்கொண்டு போய் வாளியை இறக்கச் சொன்னேன். வாளி நிறைந்தது. "இப்போது மெதுவாக இழு. கனக்கிறதா?" என்றேன். தண்ணீருக்குள் இருக்கும் வரை ஒன்றுமே கனக்கவில்லை. வாளியின் விளிம்பு தண்ணீரை விட்டு மேலே வந்ததும் கயிறு கையை அறுத்தது.

"வாளிக்குள் இருந்த தண்ணீர் அதே தண்ணீர்தானே? உள்ளே இருந்தபோது எடை எங்கே போயிற்று?"

கொஞ்சம் யோசித்தான். "சுத்தி இருக்கிற தண்ணி தாங்கிக்குது."

"பலூனும் அப்படித்தான். அது காற்று ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கும் காற்று வாளி. உள்ளே ஐந்தாறு கிராம் காற்று இருப்பது வாஸ்தவம். ஆனால் பலூன் வீங்கி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டதோ, அவ்வளவு காற்றை வெளியே ஒதுக்கியிருக்கிறது. அந்தக் காற்று பலூனை மேலே தூக்குகிறது. இரண்டும் ஏறக்குறையச் சரிக்குச் சரி."

அப்படியானால் அந்த 0.2 கிராம் எங்கிருந்து வந்தது? பலூனின் ரப்பர் உள்ளே இருக்கும் காற்றைக் கொஞ்சம் நெருக்குகிறது. வெளிக் காற்றைவிட நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு அதிக நெருக்கம், அவ்வளவுதான். அந்த உபரியைத்தான் தராசு காட்டியது. பையனின் தராசு அபாரமாக வேலை செய்திருக்கிறது! ஒரு கோலின் இரண்டு முனையிலும் இரண்டு பலூனைக் கட்டி, ஒன்றைக் குத்தி உடைத்து, மற்றது கீழே இறங்குவதாகப் படம் போடும் புத்தகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தச் சிறு உபரியின் வேலைதான். அதைக் காற்றின் முழு எடை என்று நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு.

இதில் ஏமாந்தவன் இவன் மட்டும் அல்ல. அரிஸ்டாட்டில் என்ற கிரேக்கப் பெரியவர், ஊதிய தோல்பை ஊதாத பையைவிடக் கனமானது என்று எழுதி வைத்தார். பிற்காலத்தில் நிறுத்துப் பார்த்தவர்கள் வித்தியாசமே இல்லை என்றார்கள். பை மெத்தென்று இருந்ததா, விறைப்பாக இருந்ததா என்பதில் இருந்தது சூட்சுமம்.

"அப்போ காற்றை நிறுக்கவே முடியாதா?"

"முடியும். பை வீங்கக் கூடாது, காற்று மட்டும் ஏற வேண்டும். உன் கால்பந்தைக் கொண்டு வா."

இனி நாங்கள் செய்ததை விவரமாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் செய்யலாம். செலவு என்று பார்த்தால் தராசு ஒன்றுதான். பந்து, சைக்கிள் பம்பு, பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி, மெல்லிய ரப்பர் குழாய் ஒரு முழம், ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. இவ்வளவே சாமான்.

பந்தை முதலில் கல் மாதிரி ஆகும் வரை அடித்தோம். ஊசியை நல்லெண்ணெயில் தொட்டுச் செருக வேண்டும். நாங்கள் வறட்டு ஊசியைச் செருகியதில் முதல் பந்து பரலோகம் சேர்ந்தது. எதிர்வீட்டுப் பையனிடம் கடன் வாங்கிய பந்தில்தான் மீதிக் காரியம் நடந்தது. ஏற்கெனவே உருண்டையாக இருக்கும் பந்தில் மேலும் காற்று ஏறினால் அது அநேகமாகப் பெருப்பதில்லை. ஆகவே வெளிக்காற்று அதைத் தூக்கும் அளவும் மாறுவதில்லை. இதுதான் பலூனுக்கும் பந்துக்கும் உள்ள வித்தியாசம்.

விறைத்த பந்தைத் தராசில் வைத்தோம். 433.4 கிராம். மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது. அக்காவை மூச்சு விடாமல் இருக்கச் சொன்னதில் அவளுக்குக் கோபம்.

பிறகு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பாட்டிலையும் தண்ணீரால் நிரப்பி, வாயைப் பொத்திக் கவிழ்த்துத் தொட்டிக்குள் நிறுத்தினோம். ஊசியின் மறு முனையில் குழாயை மாட்டி, குழாய் நுனியைப் பாட்டிலுக்குள் விட்டு, ஊசியைப் பந்தில் செருகினால் காற்று குபுகுபுவென்று குமிழியிட்டுக்கொண்டு ஏறுகிறது. பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீர் மட்டமும் தொட்டியின் மட்டமும் ஒன்றாக இருக்கும்படி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு லிட்டர் என்ற கோட்டைப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு இதை விட்டுவிட்டால் கணக்கு கெட்டுப் போகும். ஒரு பாட்டில் நிறைந்ததும் குழாயைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, மறுபடி தண்ணீர் நிரப்பி, அடுத்த லிட்டர். இப்படி நான்கு லிட்டர் காற்றை அளந்து வெளியே விட்டோம். பந்தைத் துடைத்துத் தராசில் வைத்தோம்.

428.9 கிராம்!

நான்கு லிட்டருக்கு நாலரை கிராம். மருமான் குதித்த குதியில் தொட்டித் தண்ணீர் பாதி கூடத்தில். மறுபடி அடித்து மறுபடி அளந்தோம். இரண்டாம் தரம் 4.4 கிராம், மூன்றாம் தரம் 4.6. நடுவாக வைத்துக்கொண்டால் ஒரு லிட்டர் காற்றுக்கு 1.12 கிராம், கன மீட்டருக்கு 1.12 கிலோ. கோடையில் நம் ஊர்க் காற்றுக்குப் புத்தகக் கணக்குப்படி 1.14 வரை வரலாம். பாட்டிலில் நாம் அளந்த காற்றோடு கொஞ்சம் நீராவியும் சேர்ந்துகொள்வதால் நம் எண் சற்றே குறைகிறது. கூடத்தில் உட்கார்ந்து செய்த காரியத்துக்கு இது போதாதா?

இதே வழியில் காற்றை நிறுத்தவர் கலீலியோ. கண்ணாடிக் குப்பிக்குள் காற்றை அழுத்தி ஏற்றி, மணலை எடைக்கல்லாக வைத்து நிறுத்து, ஏறிய காற்று எவ்வளவு என்பதைத் தண்ணீரைக் கொண்டு அளந்தார். 1638ல் வெளிவந்த அவருடைய நூலில் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 400 மடங்கு கனம் என்று இருக்கிறது. உண்மையில் 800 மடங்குக்கும் மேல். கலீலியோ பாதிக்குப் பாதி தவறினார். எங்கள் மருமான் நூற்றுக்கு இரண்டுதான் தவறினான். ஆனால் கலீலியோவிடம் எலக்ட்ரானிக் தராசு கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"ஏண்டா, இந்த ஒரு கிராம், ரெண்டு கிராமுக்கா என் கூடத்தை ஏரியாக்கினீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"அக்கா, இந்தக் கூடம் பன்னிரண்டுக்குப் பத்தடி, உயரம் பத்தடி. இதற்குள் இருக்கும் காற்று மட்டும் கிட்டத்தட்ட 39 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றரை!"

"அப்படியா? அதை யார் தூக்கி வந்து போட்டாங்களாம்?" என்று சொல்லிவிட்டு அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனோம். கரைமேல் நல்ல காற்று. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. எடையில் பத்துக் கோடி டன்னுக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் சென்னைக்காரர்கள் காலைப் பத்திரிகையில் இந்த ஏரி எத்தனை அடி என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதை யார் மறப்பார்கள்? அத்தனை பெரிய தண்ணீர்.

"இந்த ஏரி நிறைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள். ஆழமான இடத்தில், தரையில் ஒரு சதுர அடியின் மேல் நிற்கும் தண்ணீர் சுமார் 680 கிலோ. அதே சதுர அடிக்கு மேலே, தண்ணீருக்கும் மேலே, வானம் வரைக்கும் நிற்கும் காற்று எவ்வளவு தெரியுமா? சுமார் 960 கிலோ!"

மருமான் வாயைப் பிளந்துகொண்டு ஆகாயத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். காற்று மண்டலம் முழுவதும் சேர்ந்து 34 அடித் தண்ணீருக்குச் சமமான எடை. அதனால்தான் உறிஞ்சு பம்பு எதுவும் 34 அடிக்கு மேல் தண்ணீரை இழுப்பதில்லை. கிணறு அதைவிட ஆழமானால் மோட்டாரைக் கீழே இறக்க வேண்டும் என்று நம் மெக்கானிக்குகள் சொல்வதன் காரணம் இதுதான். பாரத்தைக் காற்று மேலிருந்து மட்டும் அல்லாமல் எல்லாப் பக்கத்திலிருந்தும், நம் உடம்புக்கு உள்ளிருந்தும் கொடுப்பதால் நாம் நசுங்காமல் நடமாடுகிறோம்.

கரையில் ஒரு பெரியவர் துண்டால் விசிறிக்கொண்டு, "என்ன புழுக்கம்! காத்தே கனத்துப் போச்சு சார்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: புழுக்கமான காற்று கனத்த காற்று அல்ல, இலேசான காற்று. நீராவியின் ஒரு துகள் 18 பங்கு எடை என்றால் காற்றின் துகள் சராசரி 29 பங்கு. இலேசானது உள்ளே வந்து கனமானதை வெளியேற்றுகிறது. புழுங்கும் நாளில் காற்றின் எடை நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை குறைந்துவிடும். வெயில் அதைவிடப் பெரிய வேலை செய்கிறது. மார்கழி விடியற்காலையின் 20 டிகிரிக் காற்றைவிடக் கத்திரி மத்தியானத்தின் 40 டிகிரிக் காற்று நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் இலேசு. மீனம்பாக்கத்தில் விமானம் கிளம்புகிறவர்களுக்கு இது விளையாட்டுக் கணக்கு அல்ல. காற்று இலேசானால் இறக்கை தூக்குவது குறையும். ஓடுபாதையில் அதிக தூரம் ஓடித்தான் ஏற வேண்டும்.

மதகுப் பக்கம் யாரோ சம்மட்டியால் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சம்மட்டி இறங்குவது முதலில் தெரிகிறது. 'டங்' என்ற சத்தம் பிறகு வருகிறது. அதைக் கவனித்துவிட்டு மருமான் கேட்டான்:

"மாமா, சத்தம் காத்திலேதானே வருது? காத்து கனமா இருந்தா லேட்டா வருமா?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்தக் கேள்விக்கு விடை நம் சென்னையிலேயே இருக்கிறது, இருநூறு வருஷத்துக்கு முன்னால்!

நுங்கம்பாக்கத்தில் வானிலை நிலையத்துக்குப் போனால் 1792ல் ஏற்பட்ட பழைய வான ஆராய்ச்சி நிலையத்தின் கருங்கல் தூண் ஒன்றைப் பார்க்கலாம். தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறது. அந்த நிலையத்தில் வானியலாளராக இருந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். நம் ராஜாஜி மண்டபத்துக்குத் திட்டம் போட்டவரும் இவரே. நட்சத்திரம் பார்க்கும் மனிதருக்குப் பீரங்கிச் சத்தத்தின் மேல் ஆசை வந்தது. செயிண்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் அந்நாளில் பீரங்கி சுடுவார்கள். கோட்டை நுங்கம்பாக்கத்திலிருந்து இரண்டரை மைலுக்குச் சற்று மேல். மலை ஐந்தரை மைலுக்குச் சற்று மேல். தூரம் துல்லியமாகத் தெரியும். பீரங்கியின் ஒளி தெரிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தால், மலைச் சத்தம் வந்து சேர ஏறக்குறைய 26 வினாடி! 1820லும் 1821லும் இப்படியே கேட்டுக் கேட்டு எழுதினார். ஒவ்வொரு தரமும் வெப்பமானி, பாரமானி, ஈரமானி மூன்றையும் பார்த்து எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் 1823ல் அது வெளிவந்தது.

அதில்தான் ஒரு வேடிக்கை. குளிர்கால மாதங்களில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,100 அடி. ஜூலையில் 1,160க்கும் மேல். மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்! சென்னையின் வெப்பம் மாறுவதால் ஏற்படும் வித்தியாசம் சுமார் பத்தடிதான் வரவேண்டும். இங்கோ அறுபது அடி. பென்சிலால் எழுதி அழிக்காமல், வந்த எண்களை மாத வாரியாக அப்படியே அச்சிட்டுவிட்டார் கோல்டிங்ஹாம்.

காரணம் என்ன? பரங்கிமலை நுங்கம்பாக்கத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. ஜூலையில் வீசுவது தென்மேற்குக் காற்று. மலைப் பீரங்கியின் சத்தத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது. டிசம்பரில் வீசுவது வடகிழக்குக் காற்று. எதிரே நின்று மறிக்கிறது. பெரும்பங்கு இதனால்தான் என்பது என் கணிப்பு. அப்படியானால் பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் தள்ளியதும் மறித்ததும் ஏறக்குறைய அடிபட்டுப் போகவேண்டும் அல்லவா? சராசரி 1,134 அடி. இன்றைய கணக்குப்படி நம் சீதோஷ்ணத்துக்கு வரவேண்டிய வேகத்துக்கு வெகு அருகில்!

இதற்கும் காற்றின் எடைக்கும் என்ன சம்பந்தம்? பாரம் ஏற்றிய வண்டி மெதுவாக நகர்வது போல, அழுத்தம் மாறாமல் இருக்கும்போது கனமான காற்றில் ஒலி மெதுவாகப் போகும். காற்றின் அழுத்தத்தை 1.4ஆல் பெருக்கி, ஒலி வேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் காற்றின் அடர்த்தி வந்துவிடும். அந்த 1.4 இல்லாமல் நியூட்டன் கணக்குப் போட்டதில் அவருடைய ஒலி வேகம் வெகுவாகக் குறைந்து போயிற்று. கோல்டிங்ஹாம் காதைத் தீட்டிக்கொள்வதற்குச் சில வருஷம் முன்னால், 1816ல், பிரெஞ்சு தேசத்து லாப்லாஸ்தான் அதைச் சரிசெய்தார்.

ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்து செல்போனில் கணக்குப் போட்டோம். பீரங்கிச் சத்தம் சொன்ன காற்றின் எடை கன மீட்டருக்கு 1.19 கிலோ. கால்பந்து சொன்னது 1.12. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

"ஜனவரி எண்ணை மட்டும் போட்டா?" என்றான் பையன். போட்டான். 1.26 வந்தது.

"அவ்வளவு கனமா இருக்காதே, மாமா. காத்து எதிரே அடிச்சதைக் காத்தோட எடைன்னு எடுத்துக்கிட்டோம்" என்றான்.

நான் சொல்ல நினைத்ததை அவனே சொல்லிவிட்டதால் வேர்க்கடலை வாங்கிக் கொடுப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இரவு நோட்டில் எழுதினான். பலூன்: 0.2 கிராம். அதற்குப் பக்கத்திலேயே ஒரு கிணறும் வாளியும் படம். வாளியைவிடக் கயிறு அழகாக வந்திருந்தது. அடுத்த பக்கத்தில் பந்து: 4.5, 4.4, 4.6. மற்றவர்கள் எல்லாம் ஆறு கிராம் எழுதியிருக்கும்போது இவனுக்கு மார்க்கு போய்விடுமோ என்று அக்காவுக்குக் கவலை. எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் கவலைதான்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. வாத்தியார் நோட்டை இரண்டு தரம் படித்துப் பார்த்தாராம். மார்க்கு இன்னும் போடவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் எதிரே செய்து காட்டச் சொல்லியிருக்கிறாராம். பந்து பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, தொட்டியும் கிடைக்கும், ஊசிதான் இல்லையாம். இரண்டு ஊசி வாங்கி, நல்லெண்ணெயை மறக்காதே என்று ஒரு சீட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.